மலைத்தோட்டத்துத் தெய்வங்களும் மன அமைதியும்

மன அமைதியை நாடி மனிதன் கோயிலுக்குச் செல்லுகின்றான் என்பது எல்லா நாட்டினர்க்கும் பொதுவான செய்தியாகும். ஆயினும், கோயில் எவ்வாறு அமைதியை அளிக்கின்றது என்னும் வினாவிற்கு வரலாறு எங்கும் ஒரே விடையைத் தருவதில்லை. மன்னர் எழுப்பிய மாபெருங் கோயிலின் அமைதி ஒருவகை. அதன் உயரமும் தொன்மையும் மனிதனுடைய சிறு கவலைகளை மறக்கச் செய்கின்றன. உறவையும் ஊரையும் விட்டு வந்தோர், தமக்கென ஒரு சாண் நிலமும் இல்லாதோர், தம் கையாலேயே கல்லை நட்டு வணங்கிய இடத்தில் பெறும் அமைதி மற்றொருவகை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் கோயில்கள் இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தவை. அவற்றின் வரலாறு கல்வெட்டுக்களில் இல்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்க்கையிலேயே பொதிந்து கிடக்கின்றது.

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பெற்றது 1886ஆம் ஆண்டில். அதன் தலைநகரமாகிய பதுளையில் பழம்பெருமை வாய்ந்த முதியங்கணை விகாரையும், கதிர்காமத் தெய்வத்திற்குரிய தேவாலயமும் உள்ளன. நகரத்தை விட்டு எத்திசையிற் சென்றாலும், பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று தோட்டப் பகுதிகள் விரிந்து செல்லும். இத்தோட்டங்களின் லயங்களுக்கு அருகே ஒரு கோயிலேனும் இருக்கக் காணலாம். சில கோயில்களுக்குக் கோபுரம் உண்டு. சிலவற்றிற்குத் தகரக் கூரையே உண்டு. இன்னும் சில, மரத்தடியில் நட்ட கல்லும், அதன்மேல் பூசிய மஞ்சளும், பக்கத்தில் குத்திய சூலமுமேயாகும். வழிப்போக்கனுக்கு அவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக ஒரு சமுதாயம் தன் துயரத்தை இறக்கி வைத்த சுமைதாங்கிகள் அவையே.

இக்கோயில்கள் எழுந்த காரணத்தை அறியவேண்டுமாயின், அம்மக்கள் வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கையின் மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிற்று. அதற்கு வேண்டிய உழைப்பாளர் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் வாயிலாகத் திரட்டப்பெற்றனர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் அப்பாலும் நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆதலின் அக்காலத்தில் அவர்களுடைய தெய்வங்களும் ஊரிலேயே இருந்தன.

1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடிகளைப் பற்றிய இலைநோய், சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தொழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் வணிக நோக்குடன் நட்ட செடி, மலைநாடெங்கும் பரவிற்று. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளவேண்டும். ஆகவே தொழிலாளி ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே இருக்கவேண்டியவனானான். மனைவியும் மக்களும் உடன் வந்தனர். லயத்துக் காம்பராவிலேயே பிள்ளைகள் பிறந்தனர். அருகிலுள்ள மண்ணிலேயே முதியோர் புதைக்கப்பட்டனர். பிறப்பும் இறப்பும் ஓரிடத்தில் நிகழத் தொடங்கிய பின்னரே அங்குத் தெய்வமும் குடிகொள்ளும். மலைநாட்டில் நிலையான கோயில்கள் பெருகியதற்குத் தேயிலையே காரணம் என்று கூறுவது மிகையாகாது.

முதலிற் குடிகொண்டவள் மாரியம்மன். மழைக்கும் வெப்பு நோய்க்கும் உரிய தெய்வமாக அவளைத் தமிழ்நாட்டுக் கிராமத்தார் வழிபட்டு வந்தனர். அம்மையும் வாந்திபேதியும் லயங்களில் அடிக்கடி புகுந்த காலத்தில், வைத்தியசாலை தொலைவில் இருந்தது. அம்மன் வாயிலிலேயே இருந்தாள். அவளையடுத்து முனியாண்டி, மதுரைவீரன், மாடசாமி, கருப்பசாமி, காளியம்மன் என்று ஒவ்வோர் ஊராரும் தத்தம் தெய்வங்களைக் கொண்டுவந்தனர். திருச்சியும் சேலமும் இராமநாதபுரமும் திருநெல்வேலியும் ஒரே தோட்டத்து மரநிழலில் வந்து கூடின.

இவையெல்லாம் ஊரிலிருந்து வந்த தெய்வங்கள். மலையிலேயே பிறந்த தெய்வங்களும் உண்டு என்பது இவ்வரலாற்றின் தனிச்சிறப்பாகும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தரப்படுத்தும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். செங்குத்தான சரிவில், கூரிய கத்தியுடன், குளவிக்கும் பாம்புக்கும் அஞ்சியே செய்யவேண்டிய வேலை அது. அவ்வேலை தொடங்குமுன் மலையின் ஓரிடத்திற் கல்லை வைத்துத் தேங்காய் உடைத்துச் சேவல் பலியிட்டு வணங்குவர். அங்கு எழுந்தருள்பவர் கவ்வாத்துச்சாமி. தேயிலைத் தொழிற்சாலையிற் சுழலும் பெரிய சக்கரத்திற்கு ரோதை என்று பெயர். சக்கரத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லை ஒட்டியது அது. அந்த இயந்திரங்களிற் கையோ உயிரோ சிக்காது காப்பவர் ரோதமுனி. எந்தப் புராணத்திலும் இல்லாத இத்தெய்வங்களைத் தொழிலே படைத்தது. தொழிலாளியின் அச்சம் அவற்றிற்கு உருவம் தந்தது. அச்சத்திற்கு ஒரு பெயரிட்டு, அதன் முன் ஒரு தேங்காயை உடைத்துவிட்டால், நடுங்கிய கை நடுக்கம் தணிந்து கத்தியைப் பிடிக்கும். அமைதியின் முதற்படி இதுவே.

கீழ்த்திசையின் மற்றொரு கோடியில் உள்ள ஜப்பானியரிடத்தும் இதனையொத்த வழிபாடு ஒன்று உண்டு. ஷிந்தோ எனப்படும் அவர்களுடைய தொன்மைச் சமயத்தில், மலையும் அருவியும் முதுமரமும் பாறையும் 'கமி' என்னும் தெய்வ ஆற்றல் உறையும் இடங்களாகப் போற்றப்படுகின்றன. நெல்லுக்கும் தொழிலுக்கும் அடுப்புக்குங்கூடக் கமி உண்டு. வழிபடுவோர் தோரணவாயிலைக் கடந்து, கையையும் வாயையும் நீரால் தூய்மை செய்து, சந்நிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கித் திரும்புவர். நீண்ட போதனை ஏதும் அங்கில்லை. மரங்களின் நிழலும், நீரின் குளிர்ச்சியும், நடையின் நிதானமுமே மனத்தை அடக்குகின்றன. இசே என்னுமிடத்திலுள்ள பெருங்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுவது வழக்கம். 62ஆவது முறையாக 2013ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பெற்றது. மரம் பழையதன்று, வழிபாடே பழையது என்பது அம்மக்களின் கொள்கை போலும்.

ஜப்பானியரும் தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்தவர்களே என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1885ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1898ஆம் ஆண்டிலேயே ஹிலோ நகரில் அவர்கள் ஒரு ஷிந்தோக் கோயிலை நிறுவினர். 1941ஆம் ஆண்டில் போர் மூண்டபோது ஹவாயில் அத்தகைய கோயில்கள் மூடப்பட்டன, பூசகர் சிறைவைக்கப்பட்டனர். போருக்குப் பின்னர் அம்மக்கள் மீண்டும் அவற்றைத் திறந்தனர். கரும்புத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் ஒரே உண்மை விளங்குகின்றது. அந்நிய மண்ணைத் தன் மண்ணாக்க மனிதன் முதலில் அம்மண்ணில் வணங்குவதற்கோர் இடத்தைத் தேடுகின்றான்.

பதுளைத் தோட்டங்களில் அந்த வணக்கம் அளித்த அமைதி எத்தகையது என்பதை அங்கு நிலவிய அன்றாட வாழ்க்கையோடு ஒப்பிட்டால் அறியலாம். விடியுமுன் தப்பு ஒலிக்கும். தொழிலாளர் பெரட்டுக் களத்திற்கு ஓடவேண்டும். எந்த மலையில் வேலை, எவ்வளவு கொழுந்து என்பதைப் பிறர் முடிவு செய்வர். குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்தினுடையது. ஒரு நாள் முழுவதும் உழைத்தால் செக்ரோலில் ஒரு 'பேர்' விழும். கொழுந்தின் நிறை குறைந்தாலோ, நேரம் தவறினாலோ அரைப்பேர்தான். மனிதனுடைய பெயரே கூலியின் அளவாகிவிட்ட விந்தை அது. கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டுத் தொழிலாளியைத் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கடனோடு கைமாற்றியது.

இத்தகைய வாழ்க்கையில், வெள்ளிக்கிழமை மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து, கூடையை இறக்கிவைத்து, பீலித் தண்ணீரில் முகங் கழுவிக் கோயிலை நோக்கி நடக்கும் அந்தச் சிறு பொழுது ஒன்றே தொழிலாளிக்குச் சொந்தமானது. அங்கு எவரும் விரட்டுவதில்லை. பூசாரி அவனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்வார். செக்ரோலில் முழுதாகவும் பாதியாகவும் எழுதப்பட்ட பெயர், அந்தச் சந்நிதியில் மீண்டும் மனிதனுடைய பெயராயிற்று. கற்பூர ஒளியில் நின்ற சில விநாடிகளும், நெற்றியில் இட்ட திருநீறும், வாயிற்படியில் அமர்ந்து பேசாதிருந்த கால் நாழிகையும் அவனுக்கு அளித்த அமைதி, உலகைத் துறந்தவனுடைய அமைதியன்று. மறுநாட் காலையில் மீண்டும் மலையேறுவதற்கு வேண்டிய அமைதி.

தனி மனிதனுக்கு மட்டுமன்றி, கூட்டத்திற்கும் கோயில் அமைதி தந்தது. நெருக்கமான லயங்களில் வழக்கும் வம்பும் எழுதல் இயல்பு. துரையிடம் போக விரும்பாத வழக்குகள் கோயில் வாயிலில் தீர்ந்தன. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தவனை மேலும் கேட்பாரில்லை. மாசி மாதத்தில் காமன்கூத்து நிகழும்போது, சிவபெருமானால் எரிக்கப்பட்ட மன்மதனுக்காகத் தோட்டமே அழும். அவன் மீண்டெழுகையிற் கூடி மகிழும். ஆண்டுத் திருவிழாவில் கரகமும் காவடியும் தீமிதிப்பும் உண்டு. அதற்குரிய பணம், தொழிலாளரின் இசைவோடு சம்பளத்திலேயே மாதந்தோறும் பிடிக்கப்படும். கோயிலின் ஒவ்வொரு செங்கல்லிலும் இத்தனை கூடை கொழுந்து உண்டு என்று கணக்குச் சொல்லக்கூடிய கோயில்கள் உலகில் அதிகம் இருக்கமாட்டா.

எனினும் இவ்வரலாற்றை ஒருபக்கமாக மட்டும் நோக்குதல் கூடாது. திருவிழாவில் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே உரியதாயிருந்தது. சாதி வேற்றுமை கோயில் வாயிலிலும் நின்றது. தப்படித்தவனுக்கு மூலஸ்தானம் தொலைவிலேயே இருந்தது. தோட்டத் துரைமார் கோயில்களுக்கு இடமும் விடுமுறையும் தந்தது பக்தியினாலன்று. கோயிலுள்ள தோட்டத்தை விட்டுத் தொழிலாளர் எளிதில் நீங்கார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே கோயில் தந்த அமைதி, அடங்கிக் கிடக்கும் அமைதியே என்று சிலர் வாதிப்பதுண்டு.

அவ்வாதத்திற்கு ஊவாவின் வரலாறே விடை கூறுகின்றது. 1940ஆம் ஆண்டில் தோட்டங்களில் தொழிற்சங்க உரிமைக்கான போராட்டம் எழுந்தபோது, அதன் முன்னணியில் நின்றவற்றுள் பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டமும் ஒன்று. அங்குத் தொழிலாளர் தம்முள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதனோடு கலந்து பேசும்படி நிர்வாகத்தை இணங்கச் செய்தனர். அவ்வாண்டு மே மாதத்தில், தடையையும் பொருட்படுத்தாது, டாக்டர் என். எம். பெரேரா பதுளையில் நடத்திய பெருங்கூட்டத்திற்கு மக்கள் திரண்டனர். மாரியம்மன் முன் தலை வணங்கிய அதே மக்கள்தாம் நிர்வாகத்தின் முன் தலை நிமிர்ந்தனர். உள்ளத்தில் அமைதியுற்றவன் கோழையாகின்றான் என்பது உண்மையாயின், இந்நிகழ்ச்சி நடந்திருக்க இயலாது.

தோட்டத்துக் கோயிலுக்கு அப்பால், ஊவாத் தமிழர் அனைவரையும் ஈர்த்த பெருந்தலம் ஒன்று உண்டு. அது கதிர்காமம். ஊவா மாகாணத்தின் தென்கோடியில், மாணிக்க கங்கைக் கரையில் அமைந்துள்ள அத்தலத்தை அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடியிருக்கின்றார். ஆடித் திருவிழாக் காலத்தில், வெல்லவாயாவும் புத்தளையும் கடந்து, காட்டு வழியே மலைநாட்டு மக்கள் நடந்து சென்றனர். நடையே அங்கு வழிபாட்டின் முற்பகுதி. ஆற்றில் மூழ்குதல் அடுத்த பகுதி. மூலஸ்தானத்திலோ காணத்தக்க திருவுருவம் ஏதுமில்லை. முருகனும் இரு தேவியரும் தீட்டப்பெற்ற திரைச்சீலை ஒன்றே தெரியும். அதன் உள்ளே இருப்பது யந்திரம் என்பர். விழாவில் யானைமீது எழுந்தருள்வதும் மூடிய பேழையே. ஷிந்தோக் கோயிலிலும் தெய்வத்தின் சின்னம் எவர் கண்ணுக்கும் காட்டப்படுவதில்லை. கண் காண்பதற்கு ஒன்றுமில்லாதபோது மனம் தன்னுள்ளே திரும்புகின்றது. சர் பொன்னம்பலம் அருணாசலம் போன்ற கல்விமான்கள் ஆராய்ந்து எழுதிய இத்தலத்தின் தத்துவம், எழுத்தறியாத கொழுந்துக்காரிக்கும் திரையின் முன் நின்ற அளவில் விளங்கியிருந்தது. சிங்கள பௌத்தரும், தமிழ்ச் சைவரும், அங்குள்ள பள்ளிவாசலுக்கு வரும் முஸ்லிம்களும் ஒரே மணலில் படுத்துறங்கிய அந்த இரவுகளில், தோட்டம் வேறு கிராமம் வேறு என்ற பிரிவும் சிறிது நேரம் மறைந்திருந்தது.

1948ஆம் ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறீமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேருள் 525,000 பேர் இந்தியாவிற்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் 1974ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி மற்றொரு நாட்டிற்கும் உரியவராயினர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பது. 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த இருப்புப்பாதை, தேயிலையைக் கீழே கொண்டு செல்வதற்கென்றே அமைந்தது. அதே பாதை பின்னர் மனிதரைக் கொண்டு சென்றது.

முன்னோர் ஊரை விட்டு வந்தபோது, தெய்வத்தைப் பெயராலும் நினைவாலும் உடன் கொண்டுவர முடிந்தது. பேரர் மலையை விட்டுச் சென்றபோது நிலைமை வேறு. மாரியம்மன் எங்குமிருப்பாள். ஆனால் கவ்வாத்துச்சாமியை எங்குக் கொண்டுசெல்வது? ரோதமுனி எந்த ரோதையில் இனிக் குடியிருப்பார்? தாயையும் தந்தையையும் புதைத்த மண்ணும், அதன் அருகே நின்ற கல்லும் பின்தங்கின. சென்றவருட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மறுவாழ்வு பெற்றனர். தாயகம் திரும்பியோர்க்கென 1968ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு அங்குத் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. மலை மாறியது, தொழில் மாறவில்லை. பாட்டன் செய்த வேலையைப் பேரனும் மீண்டும் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது.

மலையில் தங்கியவர்க்கும் சோதனை ஓயவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை கிடைத்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பல உயிர்கள் மண்ணுள் மறைந்தன. எந்த மலையைத் தெய்வம் உறையும் இடமாக எண்ணி வணங்கினரோ, அந்த மலையே அவர்கள்மேல் வீழ்ந்தது. பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் தரவேண்டிய கடமை அரசுக்கும் தோட்டத்தை ஆள்வோர்க்கும் உரியது. கோயில் அக்கடமைக்கு ஈடாகாது. அம்மன் நோயைத் தணிப்பாள் என்று நம்பிய மக்களும் வைத்தியசாலையைக் கேட்டுப் போராடியே பெற்றனர்.

இன்று அக்கோயில்களின் தோற்றம் மாறி வருகின்றது. மரத்தடிக் கல் இருந்த இடத்தில் வண்ணக் கோபுரம் எழுகின்றது. ஆகம முறைப்படி குடமுழுக்கு நடைபெறுகின்றது. பல இடங்களில் உயிர்ப்பலி நின்றுவிட்டது. அம்மை நோய் 1980ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் திருவிழா ஒழியவில்லை. கொழும்பிலும் பிற நகரங்களிலும் தொழில் புரியும் இளைஞர் அவ்விழாவிற்காக லயத்திற்குத் திரும்புகின்றனர். கொழுந்து கிள்ளிய தாயின் கையால் திருநீறு பெற்று மீண்டும் பேருந்து ஏறுகின்றனர்.

நோயின் அச்சத்தினால் எழுந்த வழிபாடு, நோய் நீங்கிய பின்னரும் நிலைபெற்றிருப்பதன் காரணம் யாது? அம்மன் காத்தது உடலை மட்டுமன்று என்பதே காரணம். நிலமும் வாக்கும் குடியுரிமையும் மறுக்கப்பட்ட காலத்தில், 'இது எம் இடம்' என்று அம்மக்கள் சொல்லக்கூடியதாயிருந்தது அந்த ஓர் அடி நிலமே. அங்கு நின்றபோது அவர்கள் எவருடைய ஆளும் அல்லர். பதுளைத் தோட்டத்துக் கோயில்கள் அளித்த அமைதியின் வேர் இதிலேயே உள்ளது. இன்றும் நமுனுகுலை மலைச்சரிவில் மாலைப் பனி இறங்கும் வேளையில், கூடையை இறக்கிவைத்த ஒரு தாய் மரத்தடிக் கல்லின்முன் சூடத்தை ஏற்றிக் கைகூப்பி நிற்பாளாயின், அவளுடைய முன்னோர் இந்த மலையில் வாழ்ந்ததற்கு அந்தக் கல்லைவிடப் பழைய பத்திரம் வேறில்லை.